கோழிக்கும் பூண்டுக்கும் நடுவே ஒரு வேலி

போன மார்கழியில் ஒரு நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தபோது, என் பூண்டுப் பாத்தியின் நடுவில் மூன்று கோழிகள் சொகுசாக மண்குளியல் போட்டுக்கொண்டிருந்தன. முந்தைய வாரம் குனிந்து குனிந்து நட்ட நாற்பது பற்களில் முப்பதுக்கு மேல் வெளியே சிதறிக் கிடந்தன. அவை ஒரு பல்லைக்கூடத் தின்றிருக்கவில்லை. பூண்டின் மேல் அவற்றுக்கு ஆசை இல்லை. பூண்டுக்காக நான் சலித்துச் சலித்துக் கலந்து வைத்திருந்த பொலபொலப்பான மண்ணின் மேல்தான் ஆசை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நாற்று சாகும். அன்றைக்கே, கோழியை மூடுவதற்காக வாங்கிய மூங்கில் பஞ்சாரத்தைக் கொண்டு மிச்சமிருந்த பூண்டை மூடினேன். கோழி வெளியே, பயிர் கூண்டுக்குள்.

வீட்டுத் தோட்டமும் கோழியும் ஒன்றாக இருந்தால் நல்லது என்பது புதிய செய்தி அல்ல. காய்கறித் தோலும் களையும் கோழிக்குப் போகும், கோழியின் எச்சம் எருவாகிப் பாத்திக்குப் போகும், பாத்தியின் முற்றிய கீரையும் புழுவும் மறுபடி கோழிக்கு வரும். இந்த வட்டத்தைக் காகிதத்தில் வரைவது சுலபம். வரைபவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது, கோழிக்கும் பாத்திக்கும் நடுவில் இரண்டு பொருள்கள் இருந்தாக வேண்டும் என்பதைத்தான். ஒன்று, கம்பிவலை. மற்றொன்று, சில மாத அவகாசம். இவ்விரண்டில் எது குறைந்தாலும் வட்டம் அறுந்துவிடும். எனக்கு முதல் வருடம் இரண்டுமே இல்லை.

முதலில் பாத்தியைப் பார்ப்போம். தரையைக் கொத்தாமல், நாலு பக்கமும் குட்டைச் சுவர் எழுப்பி, நாமே கலந்த மண்ணை அதற்குள் நிரப்பிப் பயிரிடுவதுதான் மேட்டுப்பாத்தி. நல்ல வண்டல் மண் இருக்கும் ஊரில் இந்தச் செலவு தண்டம். சென்னையில் அப்படியல்ல. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் என்று கடலையொட்டிய பகுதிகளில் மணல். ஊற்றிய தண்ணீரும் போட்ட எருவும் தங்காமல் இறங்கிவிடும். அண்ணா நகர், பெரம்பூர், தியாகராய நகர்ப் பக்கம் களி. மழையில் சேறு, வெயிலில் ஓடு. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் அடியில் பாறை. இவற்றோடு, வீடு கட்டியபோது புதைத்த இடிபாடு எல்லாப் பேட்டைக்கும் பொது. எங்கள் வீடு கொளத்தூரில். கடப்பாரையை இறக்கியதும் முதல் ஓர் அடிக்குள் கிடைத்தவை, ஓர் உடைந்த டைல், ஒரு ரப்பர் செருப்பு, பிறகு சாம்பல் நிறக் களி.

மண்ணைவிட முக்கியமான காரணம் மழை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. வேர்களுக்கும் காற்று வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கொல்லையில் முக்கால் அடி தண்ணீர் நின்றது. தரையில் இருந்த மிளகாய்ச் செடிகள் அத்தனையும் போயின. ஒன்றேகால் அடி உயரப் பாத்தியில் இருந்த கத்தரி நிமிர்ந்து நின்றது.

அந்த ஒன்றேகால் அடிதான் நான் சொல்லும் அளவு. இரண்டு வரிசை ஹாலோ பிளாக் அடுக்கினால் அந்த உயரம் வந்துவிடும், கொத்தனாரும் வேண்டாம், சிமென்ட்டும் வேண்டாம். அகலம் மூன்று அடியைத் தாண்டக் கூடாது. நம் கை ஒரு பக்கமிருந்து ஒன்றரை, இரண்டு அடிதான் எட்டும். அதற்கு மேல் அகலம் வைத்தால் களை எடுக்கப் பாத்திக்குள் கால் வைக்க நேரும், மிதித்த மண் இறுகும், மேட்டுப்பாத்தி போட்டதன் பயன் அதோடு போயிற்று. நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்தது. என்னுடையது எட்டு அடி. மரப்பலகை பார்க்க அழகு, ஆனால் இரண்டு மழைக்காலத்தில் கரையான் முடித்துவிடும். பழைய கதவு, ஜன்னல் பலகைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அது மண்ணுக்கு இறங்கும், மண்ணைக் கொத்தும் கோழி வழியாக முட்டைக்கும் வரும்.

மூன்றுக்கு எட்டு, உயரம் ஒன்றேகால் என்றால் உள்ளே 30 கன அடி மண் பிடிக்கும். பாதி செம்மண், கால் பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், கால் பங்கு தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு முறை ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகே சேர்க்க வேண்டும். கூடவே ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு. இத்தனையும் நனைந்தால் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். இதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் அப்படியே கட்டத் துணிகிறவர்கள் முதலில் ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மழைக்குப் பிறகு மண் மூன்று விரற்கடை இறங்கும். பயப்பட வேண்டாம், எருவால் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது பூண்டு. இதில் ஓர் ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்பேட்டில் வாங்குவதைப் போன்ற தடித்த முழுப் பூண்டு சென்னையில் விளையாது.

பூண்டு ஒரு குளிர்கால நினைவோடு பிறக்கும் பயிர். நட்ட பல்லோ இளஞ்செடியோ ஒன்றிரண்டு மாதம் நல்ல குளிரை அனுபவிக்க வேண்டும். பிறகு பகல் நீண்டு, வெயில் ஏற வேண்டும். குளிர் முடிந்தது, கோடை வருகிறது என்பதை அந்த மாற்றத்திலிருந்துதான் செடி தெரிந்துகொள்கிறது. அப்போதுதான் இலை விடுவதை நிறுத்திவிட்டு, அடியில் பல் பல்லாகச் சேமிக்கத் தொடங்கும். மத்தியப் பிரதேசத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நட்டுப் பங்குனிவாக்கில் அறுப்பவர்களுக்கு இந்த இரண்டும் கிடைக்கின்றன. நம் ஊரிலேயே கொடைக்கானலிலும் நீலகிரியிலும் உயரம் குளிரைக் கொடுத்துவிடுகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. சென்னையில் தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே வெகுவாக இறங்குவது அபூர்வம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். குளிரும் இல்லை, பகலும் நீளவில்லை. செடிக்குக் காலம் மாறியதே தெரியாது. இலை விட்டுக்கொண்டே இருந்து, சித்திரை வெயிலில் காய்ந்துபோகும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் பிரியாத ஒற்றைப்பல் இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது.

அப்படியானால் எதற்கு நடுவது? இலைக்கு. பூண்டுத்தாள் என்று தனியாகக் கேட்டால் சென்னைக் கடைகளில் எளிதில் கிடைக்காது. வெங்காயத்தாளைவிட மெல்லியது, பச்சைப் பூண்டின் காரம் பாதி, வாசனை முழுசு. பல்லை நட்டு முப்பத்தைந்து, நாற்பது நாளில் ஒரு சாண் உயரம் வந்ததும், குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகளைக் கிள்ளினால் மாசி வரை மூன்று நான்கு முறை எடுக்கலாம். பொடியாக நறுக்கி, அடித்த முட்டையில் கலந்து கல்லில் ஊற்றிப் பாருங்கள். முட்டையும் அதே கொல்லையில் இட்டது என்றால் கேட்கவே வேண்டாம்.

நடும் முறை எளிது. பெருமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகை கடைசியிலோ மார்கழி முதலிலோ, பெரிய பற்களாகப் பொறுக்கித் தோலோடு, கூர்முனை மேலே இருக்கும்படி ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பல்லுக்குப் பல் நாலு அங்குலம். இலைக்கு மட்டும் என்றால் இன்னும் நெருக்கியும் நடலாம். முழுப் பூண்டு விளைவித்தே தீருவேன் என்ற பிடிவாதக்காரர்கள், நடுவதற்கு ஆறு வாரம் முன்பே பூண்டைக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பொய்க்குளிர் காட்டலாம். நானும் செய்தேன். கோலிக்குண்டு அளவில் பதினொரு ஒற்றைப்பல் பூண்டு கிடைத்தது. ஊறுகாய்க்கு ஆயிற்று.

பூண்டின் வாசனை பூச்சிகளை அண்டவிடாது, ஆகவே பாத்தியைச் சுற்றி நட்டால் காவல் என்று சொல்வார்கள். என் கத்தரியின் தண்டுத்துளைப்பான் அந்தப் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்த கரைசலைத் தெளித்தால் அசுவினிக்கு ஓரளவு கேட்கும், அவ்வளவே. பூண்டோடு கூட முள்ளங்கி, சிறுகீரை, கொத்தமல்லி ஆகியவை மார்கழிப் பாத்தியில் நன்றாக வரும். கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை இவற்றுக்கு ஆடிப்பட்டம்தான். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கோழிக்கு வருவோம். நாலு பெட்டைக் கோழி ஒரு சிறு குடும்பத்துக்கும் ஒரு கொல்லைக்கும் போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இதை நம்ப மறுத்த உறவினர் ஒருவர் எனக்கொரு சேவலைப் பரிசளித்தார். அது மூன்றரை மணிக்கே கூவியது. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு மாமி மதில் ஓரமாக வந்து, "சேவல் நல்ல கம்பீரமாக இருக்கிறது, யாருக்காவது கொடுக்கிற உத்தேசம் உண்டா?" என்று கேட்டார். கொடுத்துவிட்டோம்.

சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி சென்னை வெயிலைத் தாங்கும், நோய் குறைவு, ஆனால் முட்டை குறைவு, அடை உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் முட்டையே இல்லை. நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைச் சுமக்கும் நந்தனம் கோழி கூடுதலாக முட்டையிடும். எதுவானாலும் ஒரு கோழிக்குக் கூண்டில் நாலு சதுர அடியும், வெளியே உலாவ அதைப் போல் இரண்டு மடங்காவது இடமும் வேண்டும். இரவில் அடைவதற்கு ஒரு குறுக்குக் கம்பு, கீரிப்பிள்ளையும் பூனையும் நுழைய முடியாத தாழ்ப்பாள், அக்கினி நட்சத்திரத்தில் நிழல், எந்நேரமும் தண்ணீர். வெள்ளைக்கழிச்சல் வந்தால் வைத்தியத்துக்கு நேரமே கிடைக்காது. குஞ்சுப் பருவத்திலேயே தடுப்பு மருந்து போட்டுவிட வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலோ, 1903-இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரிக்கலாம். நாய்களோடு வந்தவர்கள் நடுவே நான் கட்டைப்பையில் கோழியோடு உட்கார்ந்திருந்த அனுபவம் தனிக்கதை.

கூண்டின் தரையில் அரை அடி உயரத்துக்கு உமி, மரத்தூள், காய்ந்த இலை எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். இதை ஆழ்கூளம் என்பார்கள். எச்சம் அதில் விழும், கோழியே கிளறிக் கலந்துவிடும், நாற்றமும் ஈயும் குறையும். ஈரம் மட்டும் சேரக் கூடாது. கிளறுவதையே பிறவிப் பணியாகக் கொண்ட பிராணியைக் கிளற வேண்டிய இடத்தில் விடுவதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

இனி, என் கத்தரியைக் கருக்கிய கதை. கோழி எச்சத்தைக் கவனித்திருந்தால் அதன் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு இருப்பது தெரியும். பறவைகளுக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது. அந்த வெள்ளைதான் அது, யூரிக் அமிலம். மண்ணில் விழுந்ததும் அது விரைவாக அம்மோனியாவாக மாறும். மாட்டுச் சாணத் தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் அளவில் இருந்தால், கோழி எருவில் ஏறத்தாழ மூன்று சதவீதம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரண்டரை சதவீதத்துக்கு மேல். சாணத்தைப் போடும் கையால் கோழி எச்சத்தைப் போட்டால் ஆறு மடங்கு போட்டதாகக் கணக்கு. நான் அப்படித்தான் பச்சையாக, செடிக்கு இரண்டு கை வீதம் போட்டேன். நாலாம் நாள் இலை ஓரங்கள் பழுப்பேறின. எட்டாம் நாள் செடி வெந்த கீரை போலத் தொங்கியது. சத்தில்லாமல் செத்த செடியை நிறையப் பார்த்திருக்கிறேன்; சத்து மிகுந்து செத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே மக்கவைக்க வேண்டும். கூளத்தோடு அள்ளிய எச்சம் ஒரு பக்கெட் என்றால் காய்ந்த இலைச் சருகு இரண்டு பக்கெட்; வெறும் எச்சம் என்றால் மூன்று. எச்சத்தில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிச்சத்து (கார்பன்) அதிகம். நுண்ணுயிர்களுக்குக் கரி இருபத்தைந்து முப்பது பங்குக்குத் தழை ஒரு பங்கு என்ற விகிதம் ஒத்துக்கொள்ளும். கலவையைப் பிசைந்தால் உள்ளங்கை ஈரமாகி ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்று அடிக்கு மூன்று அடியாகக் குவித்து, மேலே சாக்கு போட்டு மூடி, வாரம் ஒரு முறை புரட்டுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் சருகு போதவில்லை என்று பொருள். அந்த நெடிதான் அம்மோனியா, உங்கள் பாத்திக்கு வர வேண்டிய உரம் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் குவியலுக்குள் கடப்பாரையைச் செருகி ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். நுனியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது. 55 டிகிரியைத் தாண்டிய சூடு சில நாள் நீடித்தால்தான் எச்சத்திலுள்ள சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகும், களை விதையும் சாகும். புரட்டப் புரட்டச் சூடு எழும், பிறகு ஒரு நாள் எழாது. சென்னை வெக்கையில் அதற்கு இரண்டு மாதம் ஆகும். அதன் பின் இன்னொரு மாதம் சும்மா கிடக்கட்டும். கடைசியில் ஒரு கொட்டாங்கச்சியில் அந்த எருவை நிரப்பி நாலு வெந்தயம் தூவுங்கள். மூன்று நாளில் முளைத்துப் பச்சையாக நின்றால் பாத்திக்குப் போகலாம். முளைக்காவிட்டாலோ, முளைத்துக் கருகினாலோ குவியல் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

பச்சை எச்சம் எப்படியும் பாத்தியில் விழத்தானே செய்யும் என்று கேட்கலாம். விழும், அதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிகளில் ஒரு வரையறை இருக்கிறது. மக்காத எரு போட்ட நாளிலிருந்து அறுவடை வரை, மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்கு 120 நாள், தொடாத பயிருக்கு 90 நாள் இடைவெளி வேண்டும். கீரை, முள்ளங்கி, பூண்டு முதல் வகை. கத்தரி, வெண்டை, அவரை இரண்டாம் வகை. இதை நம் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் பாத்தி எப்படியும் காலியாகக் கிடக்கிறது. அப்போது வலையை அகற்றிக் கோழிகளை இரண்டு வாரம் உள்ளே விடலாம். களை, வெட்டுப்புழு, கூட்டுப்புழு, நத்தை முட்டை எல்லாவற்றையும் அவை பொறுக்கித் தின்றுவிடும், மண்ணும் கொத்திக் கொடுத்ததாக ஆகும். வைகாசி நடுவில் வெளியேற்றி, ஆடியில் கத்தரி நட்டால், முதல் காய் புரட்டாசியில்; 90 நாள் தாராளமாகக் கடந்திருக்கும். மார்கழிப் பூண்டுக்கு 120 நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

மற்ற பதினொன்றரை மாதமும் வலை இருந்தே ஆக வேண்டும். ஒன்றேகால் அடிச் சுவர் கோழிக்குத் தடை அல்ல, மேடை. சுவருக்கு மேல் மூன்று அடி உயரத்துக்குக் கோழிவலை கட்டுங்கள். வலையை விறைப்பாக இழுக்காமல் மேல் விளிம்பைத் தொளதொளவென்று விட்டால் கோழி அதன் மேல் உட்காரப் பயப்படும். நாட்டுக்கோழி அப்படியும் பறக்கும் என்றால் ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்து விடுங்கள். வலிக்காது, நம் நகம் போலத்தான். வலைக்கு வெளியே தொங்கும் கீரையைக் கோழி கொத்திக்கொள்ளட்டும். ஆனால் தக்காளி இலை வேண்டாம், வெங்காயமும் பூண்டும் வாளி வாளியாகக் கொட்டவும் வேண்டாம். அளவு மீறினால் கோழியின் ரத்தத்துக்கு ஆகாது. எச்சத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள். கோழிகள் திடீரென்று ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டையும் ஒரே மாதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஆனியில் பாத்தியைக் கட்டி, ஆடியில் கடையில் வாங்கிய மண்புழு உரத்தோடு ஒரு போகம் எடுத்துப் பாருங்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் கோழி வாங்கலாம். குளிர்ந்த காலத்தில் வந்து சேரும் கோழி சீக்கிரம் இடம் பழகும். அதற்குள் வலை கட்டும் பழக்கமும் உங்களுக்கு வந்திருக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் பாக்கி. ஃபிரிட்ஜில் ஆறு வாரக் குளிருக்கு வைக்கும் பூண்டுப் பையின் மேல் "நடுவதற்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். இந்த வருடம் என் பை ஐந்தாவது வாரம் ரசத்துக்குப் போய்விட்டது.